பூச்சி மருந்து அடிச்ச கதை: டீபக்கர் வந்த வழி

பொட்டி தட்டுற மக்களுக்கு எஃப்10-ன்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. விஷுவல் ஸ்டுடியோவில் ஒரு வரியில் மஞ்சள் அம்பு நிக்கும். எஃப்10 தட்டினா அடுத்த வரி. எஃப்11 தட்டினா ஃபங்ஷனுக்குள்ளேயே இறங்கிப் போகலாம். எங்கேயாவது எக்ஸெப்ஷன் விழுந்தா ப்ரோக்ராம் செத்துப் போகாம அதே இடத்துல உறைஞ்சு நிக்கும். எந்த வேரியபிள்ல என்ன இருக்கு, யார் யாரைக் கூப்பிட்டு இங்க வந்து சேர்ந்தோம்னு சாவகாசமா பாத்துக்கலாம்.

ஆணி புடுங்குற எல்லாரும் தினமும் செய்யற வேலைதான் இது. ஆனா, ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு மெஷினை நடுவுல நிறுத்தி, உள்ளே எட்டிப் பாத்துட்டு, மறுபடி ஓட விடலாம்கிற யோசனை யாருக்கு முதல்ல வந்துச்சு? எங்க டீம்ல கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் தெரியல. காலேஜ்ல 8085 கிட்டை வச்சு ஹெக்ஸ் கோட் தட்ட வச்சாங்க, பின் டயக்ராம் வரைய வச்சாங்க. இந்தக் கதையை மட்டும் யாரும் சொல்லலை. சரி, நாமளே தேடுவோம்னு உக்காந்ததுல கிடைச்சதைத்தான் இங்க எழுதறேன். நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்துடுங்க.

அந்த விட்டில் பூச்சி

பக்-ன்னு ஆரம்பிச்சா உடனே எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. 1947 செப்டம்பர் 9-ம் தேதி ஹார்வர்டின் மார்க் 2 மெஷின்ல ஒரு ரிலேக்குள்ள விட்டில் பூச்சி சிக்கிக்கிச்சு. அதை எடுத்து, டேப் போட்டு லாக் புத்தகத்துல ஒட்டி, நிஜமாவே பூச்சி அகப்பட்டது இதுதான் முதல் தடவைன்னு கிண்டலா ஒரு குறிப்பும் எழுதி வச்சாங்க. அந்தப் பக்கம் இன்னிக்கும் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு.

இதுல ரெண்டு விஷயம் வழக்கமா தப்பாச் சொல்லப்படுது. ஒண்ணு, பூச்சியைக் கண்டுபிடிச்சது கிரேஸ் ஹாப்பர்ங்கிறது. அவங்க இந்தக் கதையை ஊர் ஊராச் சொல்லிப் பிரபலமாக்கினவங்க, அவ்வளவுதான். ரெண்டாவது, பக்-ங்கிற வார்த்தையே அங்கதான் பொறந்துச்சுங்கிறது. அதுவும் இல்லை. 1878-லேயே எடிசன் ஒரு கடிதத்துல, கருவிகள்ல வர்ற சின்னச் சின்னக் கோளாறுகளுக்கு இந்த வார்த்தையைப் போட்டிருக்கார். வார்த்தை ஏற்கனவே புழக்கத்துல இருந்ததாலதான் 1947-ல அந்த லாக் புத்தக ஜோக்குக்கு அர்த்தமே வருது.

ஒயரைப் புடுங்கினா ப்ரேக்பாயிண்ட்

விட்டில் பூச்சியை விட எனக்குப் பிடிச்சது எனியாக் கதை. 1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டப்பட்ட, சுமார் 18,000 வால்வு கொண்ட ராட்சச மெஷின். அதுக்கு ப்ரோக்ராம் எழுதறதுன்னா ஒரு யூனிட்டுலேருந்து இன்னொரு யூனிட்டுக்கு ஒயர் இழுத்துச் சொருகறதுதான். அந்த வேலையைச் செஞ்ச ஆறு பேருமே பெண்கள். அதுல ஒருத்தர் பெட்டி ஹோல்பர்டன் (கல்யாணத்துக்கு முன்னாடி பெட்டி ஸ்னைடர்).

கணக்கு எங்கே தப்பாப் போகுதுன்னு எப்படிப் பாக்கறது? ஒரு குறிப்பிட்ட கட்டம் முடிஞ்சதும், அடுத்த கட்டத்தைத் துவக்கற ஒயரைப் புடுங்கிடுங்க. அந்த இடத்துல மெஷின் நின்னுடும். விளக்குகளைப் பாத்து எண்ணைப் படிச்சுக்கலாம். இப்படி இணைப்பை உடைக்கிற இடத்துக்குத்தான் 'ப்ரேக்பாயிண்ட்'னு பேர். இந்த யோசனை ஹோல்பர்டனோடதுன்னு பதிவாகியிருக்கு. நாம மார்ஜின்ல க்ளிக் பண்ணி வைக்கிற சிவப்புப் புள்ளிக்கு மூதாதை, புடுங்கிப் போட்ட ஒரு ஒயர்!

மாடிப்படி ஞானம்

அடுத்தது இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ். 1949 மே மாசம் எட்சாக் ஓட ஆரம்பிச்சது. ப்ரோக்ராமையும் டேட்டாவையும் மெமரியிலேயே வச்சுக்கிட்டு, தினசரி வேலைக்குப் பயன்பட்ட முதல் கம்ப்யூட்டர்கள்ல ஒண்ணு. அதைக் கட்டினவர் மாரிஸ் வில்க்ஸ்.

வில்க்ஸ் எழுதின முதல் பெரிய ப்ரோக்ராம், ஏரி ஃபங்ஷனைக் கணக்கிடறது. 126 கட்டளைதான். அதுல கிட்டத்தட்ட 20 தப்பு. மெஷின் இருந்த அறைக்கும் டேப் குத்தற இடத்துக்கும் நடுவுல மாடிப்படி ஏறி இறங்கும்போது ஒரு நாள் அவருக்கு உறைச்சிருக்கு: இனி வாழ்க்கையில கணிசமான பகுதி, நாம எழுதினதுல நாமளே தப்பு தேடறதுலதான் கழியப் போகுதுன்னு. பின்னாளில் தன் நினைவுக் குறிப்புல இதை எழுதியிருக்கார். உலகத்தையே மாத்தற மெஷினைக் கட்டி முடிச்ச மனுஷனுக்கு முதல் வருஷத்துலயே வந்த ஞானம் இது. நமக்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்துலயே வந்துடுது. :-)

எட்சாக்லயும் ஒரு பட்டனை அமுக்கி ஒவ்வொரு கட்டளையா ஓட்ட முடியும். மெமரியில இருக்கிறதைச் சின்ன ஒளித்திரையில புள்ளிகளாப் பாக்கலாம். இதுக்கு அங்க வச்ச பேரே 'எட்டிப் பாக்கறது'தான். ஆனா அது யாருக்கும் பிடிக்கலை. காரணம் எளிமையானது. மெஷின் ஒண்ணு, வரிசையில நிக்கிற ஆராய்ச்சியாளர்கள் பல பேர். நீங்க மோவாய்க்கட்டையைத் தடவிக்கிட்டு யோசிக்கிற பத்து நிமிஷமும் அந்த மெஷின் சும்மா நிக்கும்.

அதனால ஸ்டான்லி கில்ங்கிற ஆராய்ச்சி மாணவர் வேற வழி யோசிச்சார். 1951-ல ராயல் சொசைட்டி வெளியீட்டுல ஒரு கட்டுரையும் எழுதினார். எட்சாக் ப்ரோக்ராம்கள்ல தப்பு கண்டுபிடிக்கிறது எப்படிங்கிறதுதான் தலைப்பே. அதுல ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு, ப்ரோக்ராம் செத்ததுக்கப்புறம் மெமரியை அப்படியே பிரிண்ட் பண்ணிட்டு வீட்டுக்குப் போய் யோசிக்கிறது. இதுக்குப் பேர் 'போஸ்ட் மார்ட்டம்'. ரெண்டாவது, ப்ரோக்ராமை நேரடியா ஓட விடாம, இன்னொரு ப்ரோக்ராம் அதோட கட்டளைகளை ஒவ்வொண்ணா எடுத்து, தானே செஞ்சு, செஞ்சதை எழுதிக்கிட்டே போறது. இன்னிக்கு நாம ட்ரேஸ்னு சொல்றது.

பைத்தான்ல இன்னிக்கும் பிடிபி மாட்யூல்ல போஸ்ட் மார்ட்டம்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு. எக்ஸெப்ஷன் விழுந்து செத்த ப்ரோக்ராமோட ஸ்டாக்கைத் திறந்து பாக்கறதுக்கு. எழுபது வருஷம் தாண்டி அதே பேர்.

நாளைக்கு வாங்க காலம்

ஐம்பதுகள்லயும் அறுபதுகள்லயும் பெரும்பாலான இடத்துல நிலைமை இதை விட மோசம். கார்டுல ப்ரோக்ராமைக் குத்தி, கட்டு கட்டி ஜன்னல் வழியா கொடுத்துட்டு வரணும். ஆபரேட்டர் ஓட்டுவார். அடுத்த நாள் போனா ஒரு கத்தை பேப்பர் கொடுப்பாங்க. ஒரு கமா விட்டுப் போயிருந்தா அதைச் சரி பண்ண இன்னொரு நாள். மெஷின் மணிக்கணக்கு ரொம்ப விலை, மனுஷன் மணிக்கணக்கு மலிவுன்னு நினைச்ச காலம். (இப்ப மட்டும் என்ன வாழுதுன்னு கேக்கறீங்களா, சரிதான்.)

இந்த இடத்துல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. டீபக்கர் வரலாற்றுல பெரிய தடையா இருந்தது தொழில்நுட்பம் இல்லை. நிறுத்தறது எப்படின்னு 1946-லேயே தெரிஞ்சாச்சு. நிறுத்தறதுக்கு அனுமதி கிடைக்கலை, அதுதான் பிரச்னை. மெஷின் முன்னாடி ஒரு தனி மனுஷன் உக்காந்து யோசிக்கலாம்னு யாராவது ஒத்துக்கிட்டாத்தான் இன்டராக்டிவ் டீபக்கர் பொறக்க முடியும்.

ஃப்ளிட், அப்புறம் டிடிடி

அப்படி ஒத்துக்கிட்ட இடம் எம்ஐடி. 1956-ல லிங்கன் லேப்ல டிஎக்ஸ்-0ன்னு டிரான்சிஸ்டர்ல ஒரு கம்ப்யூட்டர் கட்டினாங்க. 1958-ல அது எம்ஐடி வளாகத்துக்கு வந்துச்சு. நேரம் எழுதி வச்சுட்டு ஒருத்தரே போய் உக்காந்து, டைப்ரைட்டர் மாதிரி இருக்கிற ஃப்ளெக்ஸோரைட்டர்ல தட்டி, மெஷினோட நேரடியாப் பேசலாம். ராத்திரி நேரத்துல அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்த பசங்கதான் பின்னாடி 'ஹேக்கர்'னு பேர் வாங்கின கூட்டம்.

அந்த மெஷினுக்குத் தாமஸ் ஸ்டாக்காமும் ஜாக் டென்னிஸும் ஒரு டீபக்கர் எழுதினாங்க. பேரு ஃப்ளிட். ஃப்ளெக்ஸோரைட்டர் இன்டராகேஷன் டேப்னு விரிவாக்கம் சொன்னாலும் நிஜமான ஜோக் வேற. கையால பம்ப் அடிச்சுத் தெளிக்கிற பூச்சி மருந்தோட பிராண்ட் பேர் ஃப்ளிட்!

1961-ல டெக் கம்பெனி எம்ஐடிக்கு ஒரு பிடிபி-1 கொடுத்துச்சு. அதுக்கு டீபக்கர் எழுதினது ஆலன் கோடாக். மாடல் ரயில் கிளப் பையன், அப்ப மாணவர். ஃப்ளிட்டை விட வீரியமான மருந்து எதுன்னு யோசிச்சு அவர் வச்ச பேர் டிடிடி. விரிவாக்கம், டெக் டீபக்கிங் டேப். பிற்பாடு டெக் கையேட்டுல, இந்த டிடிடி வேற, பூச்சி மருந்து டிடிடி வேற, ரெண்டும் வேற வேற வகைப் பூச்சியைத்தான் கொல்லும், அதனால குழப்பம் வராதுங்கிற மாதிரி கீழே ஒரு குறிப்பே போட்டாங்க.

நம்ம ஊர்ல தாத்தா பாட்டி தலைமுறைக்கு டிடிடின்னா 1953-ல தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சப்ப வீடு வீடா வந்து சுவத்துல அடிச்சுட்டுப் போன மருந்து. அவங்க சுவத்துல மருந்து காஞ்சிக்கிட்டு இருந்த அதே காலத்துல, அங்க ஒரு பையன் அதே பேர்ல வேற பூச்சிக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

டிடிடி என்ன பண்ணுச்சு? முகவரி எண்களுக்குப் பதிலா நீங்க வச்ச பேரைச் சொல்லியே மெமரியைப் பாக்கலாம், மாத்தலாம். குறிப்பிட்ட இடத்துல நிறுத்தலாம். நிறுத்தறதுக்கு அது செஞ்ச தந்திரம் அழகு. அந்த இடத்துல இருக்கிற கட்டளையை எடுத்து பத்திரமா வச்சுட்டு, அங்க 'டிடிடிக்குப் போ'ன்னு வேற கட்டளையை வச்சிடும். ப்ரோக்ராம் ஓடி வந்து அதை மிதிச்சதும் கட்டுப்பாடு டிடிடி கைக்கு வந்துடும். பாத்து முடிச்சதும் பழைய கட்டளையை நிறைவேத்திட்டு மேலே போகும். ஓடற ப்ரோக்ராமுக்கு எதுவுமே தெரியாது. வாழைப்பழத்தோல் டெக்னிக்!

பின்னாடி எம்ஐடியின் ஐடிஎஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்துல, லாகின் பண்ணினா முதல்ல வர்றதே டிடிடிதான். இன்னிக்கு நமக்கு பேஷ் மாதிரி அவங்களுக்கு டீபக்கர். எந்த ப்ரோக்ராமா இருந்தாலும் எப்ப வேணாலும் நிறுத்தித் திறந்து பாக்கலாம்கிற நினைப்போடயே வளர்ந்த தலைமுறை அது.

சிப்புக்குள்ள ஒரு பைட்

கோடாக்கோட அதே தந்திரம்தான் உங்க லேப்டாப்லயும் நடக்குது. 1978-ல வந்த இன்டெல் 8086-ல இதுக்குன்னே ஒரு கட்டளை வச்சாங்க, இன்டரப்ட் 3. ஹெக்ஸ்ல சி.சி., நம்ம கணக்குல 204. ஒரே ஒரு பைட். ஏன் ஒரு பைட்? அந்தக் குடும்பத்துல மிகச் சின்னக் கட்டளை ஒரு பைட்தான். டீபக்கர் வைக்கிற கட்டளை அதை விட நீளமா இருந்தா பக்கத்து வீட்டுக் கட்டளையையும் அழிச்சிடும். நீங்க எஃப்9 தட்டிச் சிவப்புப் புள்ளி வைக்கும்போது, சி மாதிரி மொழிகள்ல, டீபக்கர் உங்க கோடுக்குள்ள அந்த 204-ஐத்தான் எழுதுது.

ஒவ்வொரு அடியா நடக்கிறதுக்கும் அதே சிப்புல ட்ராப் ஃப்ளாக்னு ஒரு பிட். அதை 1 ஆக்கிட்டா ஒவ்வொரு கட்டளை முடிஞ்சதும் சிப் தானா நின்னு டீபக்கரைக் கூப்பிடும். 1985-ல வந்த 80386-ல நாலு முகவரியை சிப்பே கவனிச்சுக்கற வசதி வந்துச்சு. இந்த வேரியபிளை யாரு தொட்டாலும் எனக்குச் சொல்லுன்னு கேக்கலாம். எந்த மகராசன் இதை மாத்தறான்னு தெரியாம முழிக்கிறப்ப இதுதான் கை கொடுக்கும்.

யூனிக்ஸ் பக்கம் தனிக் கதை. செத்த ப்ரோக்ராமோட மெமரியை 'கோர்'னு ஒரு ஃபைலா கொட்டி வைக்கும். கோர்ங்கிறது அந்தக் கால மெமரியில இருந்த காந்த வளையம். வளையமெல்லாம் போய் பல பத்தாண்டு ஆச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு. கில்லோட போஸ்ட் மார்ட்டம்தான் இது. 1986-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிடிபி எழுதினார். லினக்ஸ்ல இன்னிக்கும் அதுதான் தெருமுனை டாக்டர்.

நம்ம காலேஜ் லேப்கள்ல ரொம்ப காலம் குடியிருந்த நீலக் கலர் டர்போ சி ஞாபகம் இருக்கா? எழுதற இடத்துலயே டீபக்கரையும் சேர்த்துக் கொடுக்கிற பழக்கத்தை போர்லாண்ட் 1988-ல டர்போ பாஸ்கல் 5, டர்போ சி 2 ரெண்டுலயும் கொண்டு வந்துச்சு. எஃப்7, எஃப்8 தட்டினா கோடு நடக்கும். பல பேருக்கு அது இருக்கிறதே தெரியாம மூணு செமஸ்டர் ஓடியிருக்கும். கன்ட்ரோல் எஃப்9 மட்டும் தெரியும்!

எக்ஸெப்ஷன் வந்துச்சு, சாட்சி போச்சு

இதுவரைக்கும் நிறுத்தறது மனுஷன் கையில. ப்ரோக்ராமே 'ஐயோ, முடியலை'ன்னு கத்தினா? அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அறுபதுகள்ல லிஸ்ப்ல எர்செட்னு ஒண்ணு இருந்துச்சு. உள்ளே தப்பு நடந்தா மொத்தமும் விழாம அந்த எல்லையோட நிறுத்தறதுக்கு. தப்பே நடக்காதப்பவும் சீக்கிரம் வெளியே குதிக்கறதுக்கு ஜனங்க அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சதால, அதுக்குத் தனியா 1972-ல மேக்லிஸ்ப்ல கேட்ச், த்ரோ ரெண்டும் வந்துச்சு. ஐபிஎம்மின் பிஎல்/1 மொழியில 'பூஜ்ஜியத்தால் வகுத்தா இதைச் செய்'னு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். 1975-ல ஜான் குடினஃப் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதே காலத்துல எம்ஐடியில பார்பரா லிஸ்கோவ் குழு சிஎல்யூ மொழியில எக்ஸெப்ஷனைச் சேர்த்தாங்க. அப்புறம் அடா, சி++, ஜாவான்னு வரிசை.

அப்ப நடந்த பெரிய சண்டை ஒண்ணே ஒண்ணு. எக்ஸெப்ஷனைப் பிடிச்சவன், கோளாறைச் சரி பண்ணிட்டு விட்ட இடத்துக்கே திரும்பிப் போகலாமா, இல்லை அந்த ஃபங்ஷன் கதை முடிஞ்சதுதானா? திரும்பிப் போகலாம்கிறது கேக்க நல்லாத்தான் இருக்கு. சி++ வடிவமைக்கிறப்ப ஜெராக்ஸ் ஆட்கள் சொன்ன அனுபவம்தான் முடிவைத் தீர்மானிச்சது. ஐந்து லட்சம் வரி கொண்ட அவங்க சிஸ்டத்துல, திரும்பிப் போற வசதி கடைசியில ஒரே ஒரு இடத்துலதான் மிச்சம் இருந்துச்சாம். அதனால சி++ல 'முடிஞ்சா முடிஞ்சதுதான்'.

இதுல டீபக் பண்றவனுக்கு ஒரு பெரிய நஷ்டம் இருக்கு. எக்ஸெப்ஷன் மேலே போகப் போக நடுவுல இருந்த ஃபங்ஷன்களோட லோக்கல் வேரியபிள் எல்லாம் கலைஞ்சிடும். கேட்ச் பிளாக்குக்கு வந்து சேர்றப்ப, கொலை நடந்த இடத்தைக் கழுவித் துடைச்சு வச்சிருப்பாங்க. ஸ்டாக் ட்ரேஸ்ங்கிறது எஃப்ஐஆர் மாதிரி. எங்க நடந்துச்சுன்னு இருக்கும், அப்ப யார் கையில என்ன இருந்துச்சுன்னு இருக்காது.

அதனாலதான் விண்டோஸ்ல எக்ஸெப்ஷன் விழுந்ததும், ப்ரோக்ராமோட கேட்சுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே டீபக்கருக்கு ஒரு தடவை சொல்லுது. 'ஃபர்ஸ்ட் சான்ஸ்'னு அவுட்புட் விண்டோல ஓடுமே, அதுதான். ஜிடிபியில 'கேட்ச் த்ரோ'ன்னு கொடுத்தா எறியற இடத்துலயே நிக்கும். டீபக்கர்ல நீங்க கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்னா, என் ஓட்டு இதுக்குத்தான். பிடிக்கிற இடத்துல நிறுத்தாதீங்க, எறியற இடத்துல நிறுத்துங்க.

37 வினாடி

யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் எவ்வளவு செலவு வைக்கும்? 1996 ஜூன் 4. ஃப்ரெஞ்ச் கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். உள்ளே நாலு க்ளஸ்டர் செயற்கைக்கோள். இன்ஜின் பற்றின சுமார் 37 வினாடியில, 3,700 மீட்டர் உயரத்துல திசை திரும்பி, உடைஞ்சு, தன்னைத் தானே வெடிச்சுக்கிச்சு.

விசாரணைக் குழு அதே வருஷம் ஜூலையில அறிக்கை கொடுத்துச்சு. ராக்கெட் எந்தத் திசையில போகுதுன்னு சொல்ற கம்ப்யூட்டர்ல, 64 பிட் தசம எண் ஒண்ணை 16 பிட் முழு எண்ணா மாத்தற ஒரு வரி. 16 பிட்ல 32,767-க்கு மேல அடங்காது. ஏரியான் 4-ல அந்த எண் அவ்வளவு பெருசா வராது. ஏரியான் 5-ன் பாதை வேற, வந்துடுச்சு. எக்ஸெப்ஷன். இப்படி ஆபத்தான ஏழு வேரியபிள் இருந்தது தெரிஞ்சே, ப்ராசஸர் பளுவை 80 சதவீதத்துக்குள்ள வைக்கணும்னு நாலுக்கு மட்டும் பாதுகாப்பு போட்டுட்டு மூணை விட்டிருந்தாங்க. இன்னும் கொடுமை, அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பினதுக்கப்புறம் எதுக்கும் தேவையில்லை. ஏரியான் 4-க்காக வச்சது, அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

சரி, எக்ஸெப்ஷன் வந்தா என்ன செய்யணும்னு எழுதியிருந்தாங்க? காரணத்தைக் குறிச்சு வச்சுட்டு கம்ப்யூட்டரை நிறுத்திடு. ஏன்னா எக்ஸெப்ஷன்னா ஹார்ட்வேர் பழுதுன்னு நினைச்சாங்க. ஒண்ணு நின்னா மாத்து கம்ப்யூட்டர் பாத்துக்கும். ஆனா மாத்துலயும் அதே சாஃப்ட்வேர். அது 72 மில்லி செகண்ட் முன்னாடியே அதே காரணத்தால நின்னாச்சு. செத்த கம்ப்யூட்டர் அனுப்பின பிழைக் குறிப்பை, பிரதான கம்ப்யூட்டர் நிஜமான திசைத் தகவல்னு நம்பி நாசிலைத் திருப்பிடுச்சு.

ஒரு விஷயம் மட்டும் நல்லா வேலை செஞ்சுச்சு. சாகறதுக்கு முன்னாடி காரணத்தை மெமரியில எழுதிட்டுச் சாகணும்னு விதி இருந்துச்சு இல்லையா, அது. சிதறிக் கிடந்த பாகங்கள்ல அந்தக் கம்ப்யூட்டரைத் தேடி எடுத்து, மெமரியைப் படிச்சு, நடந்ததை உறுதி பண்ணினாங்க. 1951-ல ஸ்டான்லி கில் சொன்ன போஸ்ட் மார்ட்டம்.

லேப்ல 'தப்பு நடந்தா உடனே நில்லு'ங்கிறது நல்ல கொள்கை. பறந்துக்கிட்டு இருக்கிறப்ப நிக்கக் கூடாது. எப்ப நிக்கணும், எப்ப சமாளிச்சுக்கிட்டுப் போகணும்னு கம்பைலர் முடிவு பண்ணாது. கேட்ச் பிளாக் எழுதற ஆள்தான் பண்றாரு.

செவ்வாயில டீபக்கிங்

இதுக்கு நேர் எதிரான கதை அடுத்த வருஷமே வந்துச்சு. 1997 ஜூலை 4-ல மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில இறங்கிச்சு. சில நாள்ல திடீர் திடீர்னு ரீசெட் ஆக ஆரம்பிச்சது. பிரச்னை ப்ரயாரிட்டி இன்வர்ஷன். வானிலைத் தகவல் எடுக்கிற குறைந்த முன்னுரிமை வேலை ஒரு பூட்டைக் கையில வச்சிருக்கு. அதே பூட்டுக்காக முக்கியமான வேலை காத்திருக்கு. நடுத்தர வேலைங்க புகுந்து, பூட்டை வச்சிருக்கிறவனை ஓட விடாம பண்ணிடுது. முக்கிய வேலை நேரத்துக்கு முடியலைன்னு பாத்து சிஸ்டம் ரீசெட்.

செவ்வாய்க்குப் போய் எஃப்10 தட்ட முடியாது. ஆனா ஜேபிஎல் ஆட்கள் ட்ரேஸ் எழுதற வசதியை சாஃப்ட்வேர்லேருந்து எடுக்காம விட்டு வச்சிருந்தாங்க. பூமியில இருந்த நகல் மெஷின்ல திரும்பத் திரும்ப ஓட்டி அதே ரீசெட்டை வரவழைச்சாங்க. ட்ரேஸ்ல காரணம் தெரிஞ்சுது. ப்ரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்ங்கிற வசதி அந்தப் பூட்டுல அணைச்சு வைக்கப்பட்டிருந்துச்சு. அதை ஏத்தி விடற சின்னத் திருத்தத்தை அனுப்பினாங்க. ரீசெட் நின்னுது.

அந்த வசதிக்கான கோட்பாட்டை விளக்கின 1990-ம் வருஷக் கட்டுரையை எழுதினவங்க மூணு பேர்: லூயி ஷா, ராகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோக்ஸ்கி. நடுவுல இருக்கிறவர் சென்னைப் பல்கலைக்கழகத்துல 1984-ல பி.இ. முடிச்சவர். காலரைத் தூக்கி விட்டுக்கலாம். :-)

பிரிண்ட் போடறவங்க கட்சி

டீபக்கரே வேணாம்கிற கட்சியும் உண்டு, லேசுப்பட்டவங்க இல்லை. நல்லா யோசிச்சு சரியான இடத்துல பிரிண்ட் போடறதை விடச் சிறந்த கருவி இல்லைங்கிறது பிரையன் கெர்னிஹன் 1979-ல எழுதின கருத்து. லினஸ் டோர்வால்ட்ஸ் 2000 செப்டம்பர்ல, கெர்னலுக்கு டீபக்கர் எனக்குப் பிடிக்காதுன்னு வெளிப்படையாவே எழுதினார். டீபக்கர் இருந்தா ஜனங்க அறிகுறியை மட்டும் சரி பண்ணிட்டுப் போயிடுவாங்க, மூலத்தை யோசிக்க மாட்டாங்கங்கிறது அவர் வாதம். ஆனாலும் 2008-ல 2.6.26 கெர்னல்ல கேஜிடிபி உள்ளே வந்துடுச்சு.

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை வர்ற பக்கை எஃப்10 தட்டிப் பிடிக்க முடியாது. நிறுத்தினாலே நேரம் மாறி பக் ஓடி ஒளிஞ்சிடும். அங்க ட்ரேஸ்தான் கதி. ஆனா அடுத்தவன் எழுதின கோடு எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கறதுக்கு டீபக்கரை விட நல்ல வாத்தியார் கிடையாது. புது ப்ராஜெக்ட்ல சேர்ந்தா முதல் நாள் டாக்குமெண்ட் படிக்கறதை விட, ஒரு ப்ரேக்பாயிண்ட் வச்சு நடந்து பாக்கிறது மேல்.

இந்தச் சண்டையை முடிச்சு வைக்கிற மாதிரி ஒரு வழியும் இருக்கு. ஓடினதைப் பதிவு பண்ணிட்டு, பின்னோக்கி நடக்கிறது. 1969-லேயே ராபர்ட் பால்சர் எக்ஸ்டாம்ஸ்னு செஞ்சு காட்டின யோசனை இது. 2009-ல ஜிடிபி 7-ல வந்துச்சு. 2014-ல மொசில்லா ஆட்கள் ஆர்ஆர்-ன்னு ஒண்ணு வெளியிட்டாங்க. ஒரு தடவை பக் சிக்கிட்டா, அதே ஓட்டத்தை எத்தனை தடவை வேணாலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பாக்கலாம். ஓடி ஒளியற பக்குக்கு இதை விட நல்ல பொறி நான் பாக்கலை.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன்னா

நான் வேலை பாத்த ஒரு இடத்துல எழுதப்படாத விதி ஒண்ணு இருந்துச்சு. க்ளையண்ட் ஸ்க்ரீன்ல எரர் தெரியக் கூடாது, அதனால எல்லா மெத்தடையும் ட்ரை-கேட்சுக்குள்ள போடு, கேட்சை காலியா விடு. கேட்டா 'ப்ராடக்ட் ஸ்டேபிளா இருக்கணும்பா'ன்னாங்க. எரர் தெரியாது, உண்மைதான். பில் தொகை மட்டும் அப்பப்ப பூஜ்ஜியமா வரும். காலி கேட்சுக்குள்ள செத்துக் கிடந்த எக்ஸெப்ஷனை, எறியற இடத்துல நிறுத்தி மூணு நாள் தேடி எடுத்தோம். அப்புறமும் விதியை மாத்தலை.

ஏரியான்ல கூட சாகறதுக்கு முன்னாடி காரணத்தை எழுதி வச்சுட்டுத்தான் செத்துச்சு. காலி கேட்ச் அதுகூடப் பண்றதில்லை. ஹோல்பர்டன்லேருந்து கோடாக் வரைக்கும் இத்தனை பேர், மெஷினை நிறுத்தி உண்மையைப் பாக்கறதுக்கு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. உண்மையைப் பாக்காம இருக்கறதுக்கு நாம கண்டுபிடிச்ச வழி, ரெண்டு அடைப்புக்குறியும் நடுவுல ஒண்ணுமில்லாத இடமும். காலி கேட்ச் எழுதச் சொன்னா, குறைஞ்சபட்சம் ஒரு வரி லாகாவது போடுங்க சாமி. பின்னாடி வர்றவன் போஸ்ட் மார்ட்டமாவது பண்ணிப்பான்.

நீங்க எந்தக் கட்சி? பிரிண்டா, ப்ரேக்பாயிண்டா? பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு எந்த மேனேஜராவது 'நம்மளைத்தான் சொல்றானோ'ன்னு நினைச்சா, கம்பெனி நிர்வாகம் பொறுப்பல்ல.